எட்டாம் நாள் ஒடிந்த குழாய்

எங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி மூன்று மாதமாக என்னை விரட்டிக்கொண்டிருந்தார். தலைப்பையும் அவரே தந்துவிட்டார். பைக், ஸ்கூட்டரில் பெட்ரோல் போகிற வழியில் உள்ள சாமான்களை மாற்றும்போது எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது? எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய வண்டிகளில் குழாய் ஊறுகிறது, வாஷர் உப்புகிறது, நேற்றுப் போட்டது இன்று ஒழுகுகிறது. வண்டிக்காரரோ, 'விலை குறைஞ்சதா ஒண்ணு போடும்' என்று தலைமேல் நிற்கிறார். நாங்கள் என்ன செய்ய என்று இப்போது தொழில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்டதை மட்டும் எழுதிவிட்டுப் போனால் என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும். இந்த மலர் ஒரு பெண்ணின் கைக்குப் போகப்போகிறது. பாதிக் கட்டுரை சங்கத்துக்கு, பாதி அவளுக்கு.

என் பெயர் சுடலைமுத்து. தூத்துக்குடியில் முப்பத்தெட்டு வருஷம் வண்டி வேலை பார்த்துவிட்டு, முட்டி இரண்டும் மடங்க மாட்டேன் என்றதால் போன வருஷம் ஸ்பானரைக் கீழே வைத்தேன். தொழில் படித்த கதை எல்லோருக்கும் ஒன்றுதான். பஞ்சர், கிரீஸ், மண்டையில் குட்டு, அப்புறம் எஞ்சின். அதை விடுவோம். எனக்கு வாய்த்த முதலாளியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஞானராஜ் அண்ணாச்சி நாசரேத்துக்காரர். தினமும் வெள்ளைச் சட்டையில் வருவார். கையை இரண்டே மடிப்பு மடித்துவிட்டு வண்டிக்குள் கையை விடுவார். சாயங்காலம் பார்த்தால் சட்டையில் ஒரு பொட்டு ஆயில் இருக்காது. நாங்களெல்லாம் கரிச்சட்டியில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி இருப்போம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கேள்விதான் கேட்பார். "முத்து, இந்த போல்ட்ட யாரு முடுக்குனது?" என்பார். யார் என்று அவருக்குத் தெரியும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்பார். நாலு வார்த்தை ஏசினாலும் தேவலை என்று இருக்கும்.

அவர் பட்டறையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்று, குப்பி. வாய் அகன்ற ஊறுகாய்க் குப்பி ஒன்றில் பாதிக்குப் பெட்ரோல் ஊற்றி, நெருப்பு அண்டாத பின்பக்கத்துச் சுவர் மாடத்தில் வைத்திருப்பார். கடையிலிருந்து பெட்ரோல் குழாய் புதுக் கட்டு வந்தால், அது எந்தக் கம்பெனி ஆனாலும் சரி, அதில் ஒரு அங்குலம் வெட்டி நூலில் கட்டிக் குப்பிக்குள் தொங்கவிட வேண்டும். நூலின் மறுமுனையில் ஒரு அட்டை, அட்டையில் தேதி. எட்டு நாள் ஊற வேண்டும். எட்டாம் நாள் எடுத்து, துடைத்து, ஒரு மணி நேரம் காற்றில் போட்டுவிட்டு விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் கட்டு கடைக்குத் திரும்பிப் போகும். விறைத்திருந்தாலும் போகும். வளைத்து விட்டதும் பழையபடி நிமிர்ந்தால்தான் ஆணியில் மாட்டலாம். கடைக்காரர்கள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. 'பெட்ரோலுக்குள்ள போட்டு அவிச்சுட்டுத் திருப்பித் தாரான்' என்பார்கள்.

சரி, மிச்சம் பிடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். டேங்க் மூடியில் பிடியுங்கள், பெட்ரோலைத் திறந்து மூடுகிற காக்கின் காதில் பிடியுங்கள், மேல் கவரில் தாராளமாகப் பிடியுங்கள். உள்ளூர்ச் சாமான் போதும். ஃபில்டரில் நடுத்தரம் வாங்கி, சொன்ன நாளைக்கு முன்னாலேயே மாற்றுங்கள். கார்புரேட்டரின் மிதவை ஊசியில் விலை பார்க்காதீர்கள். அது சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் நிற்காமல் வழியும். குழாயிலும் கிளிப்பிலும் பார்க்கவே பார்க்காதீர்கள். நம்முடையது உப்புக் காற்று ஊர். மதுரையில் மூன்று வருஷம் இருக்கிற கிளிப் துறைமுகச் சாலையில் ஒரு வருஷத்தில் துருப்பிடித்துக் கையோடு வரும். கிளிப்பில் அஞ்சு ரூபாய் மிச்சம் பிடிக்கிறவனை மெக்கானிக் என்று நான் சொல்ல மாட்டேன். நானே அப்படி ஒருவனாக இருந்தேன் என்பதால் சொல்கிறேன்.

பதினேழு பதினெட்டு வருஷம் இருக்கும். திரேஸ்புரத்திலிருந்து மிக்கேல் ஒரு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தான். சங்கு குளிக்கிறவன். இப்போது யாரும் வெறுமனே மூச்சைப் பிடித்து முங்குவதில்லை. படகில் காற்று கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து நீளமான குழாய் கடலுக்குள் இறங்கும், அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் சங்கு பொறுக்குவார்கள். அப்படிப் பொறுக்கிய காசில் பழசாக வாங்கிய ஸ்கூட்டர் அது. ஓட்டுவது அவன் மனைவி ரெஜினா. முத்தையாபுரம் பக்கம் இறால் கம்பெனியில் அவளுக்கு வேலை. மகள் ஸ்டெல்லாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போவாள். குழந்தைக்கு அப்போது பத்து வயது.

டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு இறங்குகிற குழாய் வெடித்துவிட்டது. எங்களிடம் அந்த அளவில் குழாய் தீர்ந்திருந்தது. புதுக் கட்டு குப்பிச் சோதனையில் இருந்தது, இன்னும் நாலு நாள் ஆகும். வெளியே கம்பெனிக் கடையில் வாங்கி வரச் சொன்னேன். விலையைக் கேட்டதும் மிக்கேல் முகம் சுருங்கிவிட்டது. கடல் கலங்கிக் கிடந்த நேரம், பத்து நாளாகச் சங்குக்கு யாரும் போகவில்லை.

போனவன் அரை மணியில் திரும்பி வந்தான். கையில் ஒரு முழம் குழாய். கம்ப்ரசரில் மாட்டுகிற காற்றுக் குழாய்.

"இத வெட்டிப் போடுங்க அண்ணாச்சி."

"ஏலே, அது காத்துக்கு உள்ளது. பெட்ரோலுக்கு ஆகாது."

"பத்துப் பாகம் ஆழத்துல எங்க மூச்சே இதுலதான ஓடுது! பாறையில உரசுனாலும் கிழியாது. எங்க உசுரயே தாங்குது, ஒங்க பெட்ரோலத் தாங்காதா?"

என்னைச் சாய்த்தது இந்தப் பேச்சுதான். விலை மட்டும் என்றால் மறுத்திருப்பேன். கையில் வாங்கிப் பார்த்தேன். கனமாக, வழுவழுவென்று, கடையில் தொங்குகிற எந்தப் பெட்ரோல் குழாயையும் விட உறுதியாக இருந்தது. இந்தக் கடற்கரையில் அந்தக் குழாயைப் போல நம்பப்படுகிற சாமான் வேறு கிடையாது. கடலுக்குள் ஆளை உயிரோடு வைத்திருக்கிறது அல்லவா. ஒரு இடத்தில் உயிரைக் காக்கிற பொருள் எல்லா இடத்திலும் காக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். அவன் நினைத்ததில் தப்பில்லை. அவன் மெக்கானிக் இல்லை.

அண்ணாச்சி அன்றைக்கு நாசரேத்தில் ஒரு துட்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார். குழாயின் உள்ளளவு ஒரு நூல் அளவு பெரிது, கிளிப் பிடிக்கவில்லை. கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கி இறுக்கினேன். ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. மிக்கேலுக்கு வாயெல்லாம் பல்.

"லேசா வாடை வருதே அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டான்.

"புதுக் குழாயில கொஞ்ச நாள் வாடை வரத்தான் செய்யும்" என்றேன்.

இந்த வாக்கியத்தை மறக்க வேண்டாம். அது என் வாயிலிருந்து வந்தது.

அவன் போன பிறகு தரையில் குழாயின் வெட்டுத்துண்டு ஒன்று கிடந்தது. பழகின கை சும்மா இருக்குமா? நூலில் கட்டி, அட்டையில் தேதி எழுதி, குப்பிக்குள் இறக்கினேன். என்ன குழாய், யார் வண்டி என்று எழுதவில்லை. எழுதினால் அண்ணாச்சி கேட்பார்.

எட்டாம் நாள் எடுத்தேன். துடைத்து, காய வைத்து, வளைத்தேன். வளையவில்லை. கொஞ்சம் அழுத்தினேன், படக்கென்று இரண்டாக ஒடிந்துவிட்டது. வெயிலில் கிடந்த பனையோலை ஈர்க்கு அப்படித்தான் ஒடியும். குழாயில் இருந்த வழுவழுப்பு முழுவதையும் பெட்ரோல் உறிஞ்சியிருந்தது. மிக்கேல் வண்டியில் இருக்கிற குழாயும் உள்ளுக்குள் இதே கதிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இதில் சந்தேகத்துக்கே இடம் கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலமே ரெஜினா பட்டறையைத் தாண்டிப் போனாள். பின்னால் ஸ்டெல்லா, பள்ளிக்கூடப் பையோடு அம்மையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ரெஜினா என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினாள். நான் வாசலில்தான் நின்றேன். கையை நீட்டி, "ஏளா, வண்டிய நிப்பாட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பக்கத்தில் ஞானராஜ் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினால் ஏன் என்பார். கவரைக் கழற்றினால் காற்றுக் குழாயும் கட்டுக்கம்பியும் தெரியும். 'முத்து கை பட்ட வண்டிய நான் திரும்பிப் பாக்க வேண்டாம்' என்று நாலு பேர் முன்னால் அவர் சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெருமை என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. நிறுத்த வேண்டிய கையால் நானும் அவளுக்குக் கையை ஆட்டினேன்.

ஒடிந்த துண்டுகளைச் சாக்கடையில் போட்டேன். அண்ணாச்சி ஊருக்குப் போகிற நாளில் மிக்கேலைக் கூப்பிட்டு, ஓசைப்படாமல் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அண்ணாச்சி ஊருக்குப் போகவில்லை. ஒவ்வொரு நாளும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகாது என்று நம்பத் தொடங்கினேன். மனுஷனுக்கு வெட்கம் கெட்ட மனசு.

பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானம், முத்தையாபுரத்திலிருந்து வருகிற வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. ரெஜினா எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நின்றிருக்கிறாள். சீட்டுக்குக் கீழேயிருந்து குப்பென்று தீ வந்தது என்று பக்கத்து லாரிக்காரர் சொன்னார். நைலக்ஸ் சேலை. அவள் வண்டியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் இடுப்புவரை பிடித்துவிட்டது. லாரிக்காரர்தான் சாக்கைப் போட்டு அணைத்தார். நல்ல வேளை, ஸ்டெல்லா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். அதற்கு மேல் அந்த வார்டைப் பற்றி எழுத என்னால் முடியாது. பத்தாம் நாள் மாதா கோவிலில் அவளுக்குத் துக்க மணி அடித்தது.

தீப்பிடித்த இரண்டாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மிக்கேல் வராந்தாவில் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போயிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தான்.

"ஒங்க பேர நான் சொல்லல அண்ணாச்சி. நானே மாட்டுனேன்னு சொல்லிட்டேன். நீங்க வேண்டாம்னுதான சொன்னிய. நாந்தான் கேக்கல. நான் கொண்டு வந்த குழாய்தான அவள எரிச்சுட்டு."

அப்போது சொல்லியிருக்கலாம். தீப்பிடிக்கப் பன்னிரண்டு நாளைக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும் மிக்கேலு என்று சொல்லியிருக்கலாம். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அட பாவி, தட்டிக்கொடுத்தேன்!

ஞானராஜ் அண்ணாச்சி எரிந்த வண்டியை ஸ்டேஷன் வாசலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கார்புரேட்டர் வாயில் கட்டுக்கம்பி கருகி மிச்சம் இருந்திருக்கிறது. கம்பியை நான் முறுக்கினால் நுனியை உள்பக்கமாக மடித்துவிடுவேன், அடுத்தவன் கையைக் கிழிக்கக் கூடாது என்பதற்காக. அதைச் சொல்லித் தந்ததே அவர்தான். பட்டறையில் எல்லோரும் போன பிறகு கேட்டார்.

"மிக்கேலா மாட்டுனான்?"

"இல்ல அண்ணாச்சி. நாந்தான்."

"குப்பில போட்டியா?"

"போட்டேன்."

"என்ன ஆச்சு?"

"ஒடிஞ்சுட்டு."

"எப்பம்?"

"எட்டாம் நாளு."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிறகு அங்கேயே நின்றார். கேள்வியே இல்லாமல் நின்றார் அன்றைக்கு. கடைசியில்தான் பேசினார். "போலீசுக்கு நீ சொல்லு, சொல்லாம இரு, அது ஒன் பாடு. மிக்கேல்கிட்ட சொல்லிரு. நான் சொல்ல மாட்டேன். ஒன் வாயிலருந்து வரணும். இல்லன்னா இந்தப் பாவத்த அவன் ஆயுசுக்கும் சொமப்பாம்டே."

என்னை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் குப்பியை என் மேசையில் வைத்தார். இனிமேல் அது என் பொறுப்பு என்றார். அதற்குப் பிறகு என்னை முத்து என்று அவர் கூப்பிட்டதில்லை, 'மெக்கானிக்கு' என்றுதான் கூப்பிட்டார். ஒவ்வொரு எட்டாம் நாளும் நான் குழாயை வளைத்துப் பார்க்கும்போது எதிரில் வந்து நிற்பார். சொல்லிவிட்டாயா என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. ஆறு வருஷம் நின்றார். பிறகு இறந்துபோனார். பட்டறையை அவர் குடும்பம் எனக்கே கொடுத்தது. குப்பியும் வந்தது.

மிக்கேல் அதோடு கடலை விட்டான். ஒரு தரம் படகில் போனானாம். குழாயைப் பல்லில் கடித்ததும் குமட்டிவிட்டது, முங்க முடியவில்லை என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். ஸ்டெல்லாவை அவள் சித்தி தருவைகுளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வளர்த்தாள். எப்போதாவது வழியில் பார்த்தால், "சுகமா அண்ணாச்சி" என்பான். எனக்கு அந்தத் தெருவே பிடிக்காமல் போனது. வேறு தெருவாகப் போகப் பழகினேன்.

செயலாளர் தம்பி கட்டுரை கேட்டபோது முதல் தரம் எழுதியதில் மிக்கேல் இல்லை. குப்பி இருந்தது, அண்ணாச்சி இருந்தார், என் நேர்மையும் ஏகத்துக்கு இருந்தது. வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். மறுநாள் காலையில் திரேஸ்புரத்துக்குப் போனேன்.

மிக்கேல் வாசலில் உட்கார்ந்து வலைத்துண்டு பின்னிக்கொண்டிருந்தான். முதுகு வளைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி, எட்டாம் நாள், வாசலில் கையை ஆட்டியது, ஒன்றும் விடவில்லை. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் வலையைக் கீழே வைத்தான்.

"தீ புடிக்கறதுக்கு மூணு நாளைக்கு முன்ன ரெஜினா என்கிட்ட சொன்னா. பெட்ரோல் வாடை மூக்க முட்டுதுன்னா. புதுக் குழாயில கொஞ்ச நாள் வாடை வரத்தான் செய்யும், சும்மா கெடளான்னு அதட்டுனேன். எம்மவ அதப் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தா."

நான் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அவ ஆஸ்பத்திரியில வச்சு என்னப் பாத்து, நீதாம்பா அம்மையக் கொன்னன்னா. அதுக்குப் பொறவு என்கிட்ட பேசுனதில்ல. கல்யாணத்துக்குக் கோயிலுக்கு வெளிய நின்னு பாத்துட்டு வந்தேன். பேரன் பொறந்திருக்கான், இன்னும் மூஞ்சியக் காட்டல." வலையை மறுபடி எடுத்து மடியில் வைத்தான். "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒங்கள வெட்டியிருப்பேன் அண்ணாச்சி. எம்மவ என்கூட இருந்திருப்பா."

"நான் நேர்ல போயி அவகிட்ட சொல்லுதேன் மிக்கேலு."

"வேண்டாம். நான் அனுப்புன ஆளுன்னு நெனப்பா. எழுதிக் குடுங்க. எல்லாரும் வாசிக்கிற மாதிரி, ஒங்க பேரு போட்டு, அச்சுல குடுங்க. அச்சுல வந்தா நம்புவா. அவ டீச்சரு."

அதனால்தான் எழுதுகிறேன். தொழில் பார்க்கிற தம்பிமாருக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான்: மிக்கேலிடம் இல்லாத அந்தப் பெட்ரோல் குழாயின் விலை அன்றைக்கு எனக்கு வெறும் சாயாக் காசுதான். தப்பான சாமானைப் போட்டது தெரிந்தால் வண்டியை நடுரோட்டில் மறித்தாவது கழற்றுங்கள். மானம் போனால் போகட்டும்.

ஸ்டெல்லா, அந்தக் குழாயை உன் அப்பா மாட்டவில்லை. நான் மாட்டினேன். வாடை வரத்தான் செய்யும் என்று உன் அம்மையிடம் அவர் சொன்னது, நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பொய். அந்தக் குழாய் ஒடியும் என்று எட்டாம் நாளே எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் நீ உன் அம்மையின் பின்னால் உட்கார்ந்து போனாய், பட்டறை வாசலில் நின்று உங்களுக்குக் கையை ஆட்டியவன் நான்தான்.